மேட்டுக் கொல்லையில் ஊன்றிய களை

ஆவணி 9, திங்கள்

மூட்டம். மழை இல்லை. புழுக்கம் மட்டும்.

ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போகிற மாதிரி ஓடைக்கரைக்குப் போனேன். தழை ஒடிக்கவில்லை. விதை உருவினேன்.

பண்ணைக்கீரை. கதிர் காய்ந்து நிற்கிறது. உள்ளங்கையில் தேய்த்தால் கறுப்பாக மின்னுகிற விதை, கடுகை விடச் சின்னது. இளசாக இருந்தால் பருப்பு போட்டுக் கடையலாம். விதையை வறுத்து இடித்து வயிற்றுக்கடுப்புக்குக் கொடுப்போம். கொல்லையில் விழுந்தால் சோளத்தோடு போட்டி போட்டு வளரும்.

நாயுருவி. அதை நான் பறிக்கவே வேண்டாம், சேலையில் ஒட்டிக்கொண்டு தானே வந்தது. வேரில் பல் விளக்கினால் பல் ஆடாது. தேள் கொட்டினால் இலையைக் கசக்கி வைப்பது.

நெருஞ்சி. நீர்க்கடுப்புக்கு நெருஞ்சி போல் வேறு கிடையாது. காலில் ஏறினால் அன்றைக்கு வேலை போச்சு.

பார்த்தீனியம். ஒன்றுக்கும் ஆகாது. ஆடு மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். தொட்டால் அரிப்பு. எனக்கு அதுதான் அதிகம் வேண்டும். அதையே நிறைய உருவினேன்.

எல்லாம் பழைய துணியில் தனித்தனி முடிச்சு. அடுப்படிக்கு மேலே வைத்திருக்கிறேன், ஈரம் ஏறாமல்.

தங்கராசு மேட்டுக் கொல்லையை உழுது போட்டு மழைக்குக் காத்திருக்கிறார். இந்த வருஷம் மக்காச்சோளமாம். விதைக்கட்டும். நானும் விதைக்கிறேன்.

அந்தப் பேரை முழுசாக எழுதக் கை கூசுகிறது. இனி த.ரா. போதும்.

ஆவணி 12, வியாழன்

ரேஷன் கடை. பாமாயில் இல்லை. சர்க்கரை மட்டும் வாங்கினேன்.

வரிசையில் எனக்குப் பின்னால் இரண்டு பேர். வெளியூரில் கட்டிக்கொடுத்து விருந்தாட வந்தவள் போல ஒருத்தி. யாரு இது என்று கேட்டாள். மற்றவள் சொன்னாள். "மருந்து குடிச்சுச் செத்தான்ல மாணிக்கம், அவன் பொண்டாட்டி. வாய் ஜாஸ்தி."

நான் திரும்பவில்லை. திரும்பினால் வாய் ஜாஸ்தி என்பது உண்மையாகிவிடும்.

என் வீட்டுக்காரர் மருந்து குடிக்கவில்லை. எத்தனை பேரிடம் சொல்லிவிட்டேன். கேட்கிறவர்கள் உச்சுக் கொட்டுகிறார்கள், நம்புவதில்லை. இங்கேயாவது எழுதிவைக்கிறேன்.

மாசி மாதம். த.ரா.வின் கிணற்றுக் கொல்லையில் களைக்கொல்லி அடிக்கப் போனார். முதுகில் மாட்டி அடிக்கிற டேங்க், அதுவும் த.ரா.வுடையது. மூடியில் ஒழுகும். "வாசர் மாத்திக் குடுங்கன்னேன், அடுத்த தடவ பாத்துக்கலாம்டாங்கறாரு" என்று வீட்டில் வந்து சொன்னார். அன்றைக்குச் சாயங்காலம் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நான்தான் உரித்தேன்.

மறுநாள் முதுகு முழுக்கச் சிவப்பு, கொப்புளம். த.ரா. வந்து பார்த்தார். பார்த்த உடனே தெரிந்திருக்கும். டேங்க் அவருடையது ஆயிற்றே. "இது அக்கிடா மாணிக்கம். ஒடம்புச் சூடு. வேளாரு வூட்டுல எழுதிக்க, எறங்கிரும்" என்றார். பெரிய மனுஷன் சொல்கிறார் என்று போனோம். பானை செய்கிற வேளார், அக்கிக்கு எழுதுகிற மாதிரி காவிமண் குழைத்து முதுகில் எழுதிவிட்டார். எண்ணெய் கூடாது, தண்ணீர் படக்கூடாது. பட்ட மருந்தைக் கழுவக்கூடச் செய்யாமல் காவிக்கு அடியில் மூடி வைத்தோம்.

பிறகு தொண்டை புண்ணாயிற்று. கஞ்சி இறங்கவில்லை. மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரியில் நான் சீட்டு வாங்க வரிசையில் நிற்கிறேன், த.ரா. முந்திக்கொண்டு டாக்டரிடம் சொல்லிவிட்டார். "வூட்டுல என்னமோ சண்ட போல சார். மருந்தக் குடிச்சிட்டான்."

என் வீட்டுக்காரரால் பேச முடியவில்லை. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். இல்லை, இல்லை என்று. வலியில் ஆட்டுகிறார் என்று நினைத்தார்கள்.

பங்குனி பிறக்கும்போது அவர் இல்லை.

சர்க்கரையில் எறும்பு ஏறிவிட்டது. வெயிலில் வைக்க வேண்டும்.

ஆவணி 14, சனி

நேற்று நல்ல மழை. ஓடையில் தண்ணீர் ஓடுகிறது.

சரசு வந்தாள். பக்கத்து வீடு, என் ஜோடி. களை எடுக்க, கடலை பிடுங்க, எங்கே போனாலும் அடுத்தடுத்த சால் பிடிப்போம். த.ரா. நாளைக்குச் சோளம் ஊன்ற ஆள் கூப்பிட்டிருக்கிறாராம். என்னைக் கூப்பிட வரவில்லை, சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தாள். நானும் வருகிறேன் என்றேன். என் முகத்தையே பார்த்தாள்.

"அந்தாளு கொல்லைக்கா யக்கா?"

"கூலிக்குத்தான. கொல்லை என்னா செஞ்சுது."

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனாள். அவளுக்குச் சளி. தும்பைப் பூவைக் கசக்கி இரண்டு சொட்டு விடச் சொல்லியிருக்கிறேன்.

ஆவணி 15, ஞாயிறு

வெயில். மண் பதம் சரியாக இருந்தது. கையில் பிடித்தால் உருண்டை, விட்டால் உதிர்ந்தது.

ஆறு பேர். ஆளுக்கு ஒரு சால். ஏர் முன்னால் போக, நாங்கள் பின்னால். மடியில் ஒரு பக்கம் சோளம், ஒரு பக்கம் என் முடிச்சுகளை எல்லாம் கொட்டிக் கலந்தது. ஒரு சோளம், ஒரு சிட்டிகை. ஒரு சோளம், ஒரு சிட்டிகை. மண்ணைக் காலால் தள்ளி மூடி மேலே போவது. யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பக்கம் போய்த் திரும்பி, மறுபடி என் சால்.

த.ரா. வரப்பில் குடை பிடித்து நின்றார். என்னைப் பார்த்ததும் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. பிறகு சரியாக்கிக்கொண்டார். டீ வந்தபோது முதல் டம்ளரை எனக்குக் கொடுக்கச் சொன்னார். வாங்கிக் குடித்தேன். சர்க்கரை அதிகம்.

அவரே என்னிடம் பேச்சுக் கொடுத்தார். என் மகள் தேவி எப்படிப் படிக்கிறாள், பெரம்பலூர் ஹாஸ்டலில் சாப்பாடு எப்படி என்று. நன்றாக இருக்கிறாள் என்றேன்.

சாயங்காலம் மடியை உதறினேன். ஒன்றும் மிச்சமில்லை. திருப்தி.

ஆவணி 25, புதன்

சோளம் இரண்டு இலை விட்டுவிட்டது. நடுநடுவே பச்சைப் பொடி மாதிரி. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் தெரியும். ஆடு மேய்க்கிற சாக்கில் தினம் ஒரு தடவை அந்த வழி.

தேவி போன். நர்ஸிங் இரண்டாம் வருஷம். களைக்கொல்லி குடிக்கவே வேண்டாம், தோல் வழியாகவே உள்ளே போகும் என்று அவளுடைய மிஸ் சொன்னாராம். "நான் எந்திரிச்சு, எங்கப்பாவுக்கு அப்படித்தான் மிஸ் ஆச்சுன்னு சொல்லலாம்னு பாத்தேம்மா. பின்னாடி ஒருத்தி இன்னொருத்தி காதுல என்னமோ சொன்னா. உக்காந்துட்டேன்."

பெரம்பலூர் வரைக்கும் பொய் எட்டிவிட்டது, உண்மை எட்டவில்லை.

 ஹாஸ்டலில் சாம்பார் தண்ணீராம்.

புரட்டாசி 4, சனி

முதல் சனி தவறி இன்றுதான் வீடு கழுவினேன் என்று எழுத வந்தேன். இல்லை, இன்றுதான் முதல் சனி. நாள் குழம்புகிறது.

த.ரா. கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டு நாமத்தோடு வந்தார். வரும் வழியில் கொல்லையில் வண்டியை நிறுத்திப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் ஆட்டோடு. இடுப்பில் கை வைத்து நின்றவர், துண்டை எடுத்து நாமத்தையும் சேர்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பண்ணைக்கீரை முழங்காலுக்கு வரப்போகிறது. நெருஞ்சி மஞ்சள் பூ விட்டுவிட்டது. பார்த்தீனியம் சோளத்தின் அடியிலேயே கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறது. சால் இடையில் முளைத்தால் ஏர் ஓட்டி எடுத்துவிடலாம். சோளத்து அடியில் ஏர் என்ன செய்யும். கை வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

சந்தோஷமாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது. சோறு இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டேன். என் வீட்டுக்காரர் போன பிறகு இன்றைக்குத்தான்.

புரட்டாசி 6, திங்கள்

த.ரா. கொல்லையில் களை எடுப்பு. சரசு, நான், இன்னும் இரண்டு பேர்.

களைக்கொட்டு மழுங்கிவிட்டது. தீட்ட வேண்டும்.

எப்போதும் போல மடியில் ஒதுக்கினோம். அவளுக்குத் தொய்யக்கீரை, எனக்குக் கீழாநெல்லி கொஞ்சம். வெட்டுக்காயப்பூண்டு ஒன்று வேரோடு வந்தது. நான் கிணத்துப்பூண்டு என்பேன், சரசு ஒத்துக்கொள்ள மாட்டாள். கிணறே இல்லாத ஊரிலும் முளைக்கிறது, அப்போது என்ன சொல்வாய் என்பாள். அந்தச் சண்டை பத்து மணிவரை.

பிறகு சரசு நிமிர்ந்து நின்றாள். கொல்லையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். அஞ்சு சால் சுத்தமாக, ஒரு சால் காடாக. மறுபடி அஞ்சு சுத்தம், ஒன்று காடு. பாய் நெய்த மாதிரி.

கிட்டே வந்து உட்கார்ந்தாள்.

"யக்கா, களை எங்கியாச்சும் வரிசையா மொளைக்குமா?"

நான் அடுத்த செடியைப் பிடுங்கினேன்.

"அன்னிக்கி எனக்கு எடப்பக்கம் ஊனுனது நீதான."

களைக்கொட்டால் மண்ணைக் குத்திக்கொண்டே இருந்தேன்.

"ஊனுறதுதான் ஊனுன, எறைச்சு வுட்டிருக்கக் கூடாது? சோளம் ஊனுன கை, களையையும் அடிக்கணக்கு பாத்து ஊனியிருக்கு பாரு." முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எனக்கும் வந்துவிட்டது. மற்ற இரண்டு பேரும் என்ன என்ன என்றார்கள். கிணத்துப்பூண்டு என்றாள் சரசு.

சொல்ல மாட்டாள். எனக்குத் தெரியும்.

புரட்டாசி 8, புதன்

நேற்று எழுதவில்லை. இடுப்பு வலி.

இன்று காலையில் சரசு வந்து வாசலில் நின்றாள். உள்ளே வா என்றேன். வரவில்லை. சிரித்த முகம் இல்லை.

கையால் எடுத்துக் கட்டுபடியாகாது என்று த.ரா. முடிவு செய்துவிட்டாராம். அந்தச் சால்களில் மட்டும் களைக்கொல்லி அடிக்கப் போகிறாராம். முருகேசனைக் கூப்பிட்டிருக்கிறார். முருகேசன் சரசுவின் புருஷன். என் வீட்டுக்காரர் இருந்தபோது மருந்து அடிக்க இரண்டு பேரும்தான் மாறி மாறிப் போவார்கள்.

"அதே டேங்க்காடி?" என்று கேட்டேன்.

"வேற எது வச்சிருக்காரு."

போகாதே என்று சொல்லக் கூடாதா என்றேன். போன தையில் த.ரா.விடம் கை நீட்டிக் கடன் வாங்கியிருக்கிறார்கள், போகாமல் இருக்க முடியாது என்றாள். பிறகு அவள் சொன்னது:

"நீ வெதச்ச. சிரிச்சேன். நானும் சேந்து சிரிச்சேன். இப்ப எம்புருஷன் முதுவுதான் அதுக்குக் கெடச்சுதா?"

போய்விட்டாள். நான் வாசலிலேயே.

த.ரா. கொல்லை நாசமாகட்டும் என்றுதான் போட்டேன். களை வந்தால் மருந்து வரும் என்று எனக்குத் தெரியாதா. முப்பது வருஷம் களை எடுத்தவளுக்கு. தெரியும். யோசிக்கவில்லை. அந்தாள் முகம் சுருங்குவதை மட்டும்தான் யோசித்தேன்.

அதற்காக வருத்தம் என்று எழுத மாட்டேன். முருகேசன் டேங்க்கைத் தூக்கக் கூடாது, அவ்வளவுதான். அந்த முகம் இன்னும் சுருங்க வேண்டும். இரண்டும் வேண்டும்.

சரசு வீட்டில் அடுப்பு புகையவில்லை. எட்டிப் பார்த்தேன்.

புரட்டாசி 9, வியாழன்

கை எரிகிறது. எழுத்து கோணுகிறது. இருந்தாலும் இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

விடிந்ததும் மேட்டுக் கொல்லைக்குப் போனேன். முதல் சாலில் உட்கார்ந்து பிடுங்க ஆரம்பித்தேன். கொட்டு இல்லை, வெறுங்கை. பார்த்தீனியத்தில் கை எரிந்தது. எரியட்டும்.

முருகேசன் டேங்க்கோடு வந்தான். பின்னாலேயே சரசு, பக்கத்து வெங்காயக் கொல்லைக்கு வந்த நாலைந்து பொம்பளைகள். பிறகு த.ரா., வண்டியில்.

"தள்ளும்மா அஞ்சல. மருந்து அடிக்கணும்" என்று என் பேரைச் சொல்லி விரட்டினார் த.ரா.

"நான் போட்ட களை. நானே புடுங்கிடுறேன். மருந்து வேணாம்."

"நீ போட்டதா? என்னாத்த?"

"சோளத்தோட களையும் ஊனுனேன். அந்தச் சாலுல்லாம் பாருங்க, எஞ் சாலு."

பார்த்தார். ஒவ்வொரு சாலாக அவர் தலை திரும்பியது. முகம் கறுத்துவிட்டது. என்னைத் திட்டவில்லை. வரப்பில் நிற்கிற பொம்பளைகளிடம் திரும்பினார்.

"கேட்டீங்களா. இந்தக் கைக்கும் வாய்க்கும் பயந்துதான் அவன் குடிச்சுச் செத்தான்."

 எழுந்துபோய் முருகேசன் கையில் இருந்த டேங்க்கை வாங்கினேன். மருந்து இன்னும் கலக்கவில்லை. சுத்தமாக அலசிக் கொட்டிவிட்டு, வெங்காயக் கொல்லைத் தொட்டியில் முக்கிக் கிணற்றுத் தண்ணீர் நிரப்பினேன். தூக்கமுடியாமல் தூக்கிவந்து த.ரா. காலடியில் வைத்தேன்.

"பச்சத் தண்ணிண்ணே. நீங்க மாட்டுங்க. இந்தச் சாலு நெடுக அடிச்சுக்கிட்டு போங்க. முதுவு நனையலன்னா எம்புருஷன் குடிச்சாருன்னு நானே ஊரு ஊராப் போய்ச் சொல்றேன்."

பைத்தியம் என்றார். போலீஸ் என்றார்.  முருகேசன்தான் மெதுவாகச் சொன்னான். "மாட்டிக் காட்டிடுங்கண்ணே. நாளப்பின்ன நான் தூக்கறதாச்சே."

அவருக்கு ஒரு தைரியம் இருந்தது. மூடிக்கு அடியில் பாலித்தீன் பையை மடித்து வைத்து சைக்கிள் டியூப்பால் கட்டியிருந்தார், இப்போதும் தன் கையாலேயே இறுக்கிக் கட்டினார். ஒரு சொட்டு வராது, பாத்துக்கங்கடி என்று சொல்லிக்கொண்டே மாட்டினார். வெள்ளைச் சட்டை. கைப்பிடியை அடித்துக்கொண்டு நடந்தார்.

நாங்கள் எல்லாம் பின்னால் நிற்கிறோம். அவர் முதுகு எங்கள் பக்கம்.

முதலில் கழுத்துக்குக் கீழே கொஞ்சம். பிறகு நடு முதுகு. பிறகு சட்டை முழுக்க ஒட்டி, உள்ளே தோல் தெரிந்தது. வேட்டி நனைந்தது. குதிகாலில் சொட்டியது. பாதிச் சாலிலேயே அவருக்கும் தெரிந்திருக்கும், ஜில்லென்று. நிற்கவில்லை. கடைசி வரை போனார். அங்கேயே நின்றார். திரும்பவே இல்லை. அந்தக் கோடியில் முள்வேலியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், முதுகில் இருந்து தண்ணீர் வடிகிறது.

சரசு கத்திச் சொன்னாள். "அண்ணே, சட்டையக் கழட்டிருங்க. வேளாரக் கூட்டியாரச் சொல்லவா?"

ஒருத்தி சிரித்தாள். ஒருத்தி "அட பாவி, அந்தப் புள்ள சொன்னது நெசந்தான்" என்றாள். ரேஷன் கடையில் வாய் ஜாஸ்தி என்று சொன்ன அதே குரல். நான் அவள் பக்கம் பார்க்கவில்லை.

முருகேசன் மருந்துப் பாட்டிலைக் கொண்டுபோய் அவர் வண்டிப் பையில் போட்டுவிட்டான். எனக்கு ஆகாதுண்ணே என்றான்.

புரட்டாசி 11, சனி

வானம் வெளுத்திருக்கிறது.

ஊரில் யாரும் அந்த டேங்க்கைத் தொட மாட்டேன் என்கிறார்கள். களை கையால்தான். என் சால்கள் எனக்கு. கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அவர் காசு என் மடியில் எதற்கு. மற்றவர்கள் கூலிக்கு. பார்த்தீனியத்துக்குக் கையில் பாலித்தீன் கட்டிக்கொள்ளச் சொன்னேன். எனக்கு இரண்டு கையும் தடித்துவிட்டது. குப்பைமேனியும் மஞ்சளும் அரைத்துப் போட்டேன், பரவாயில்லை.

சரசு பேசுகிறாள். முழுசாக இல்லை. கிணத்துப்பூண்டு ஒன்று பிடுங்கி என் பக்கம் வீசினாள்.

பதினோரு மணி வாக்கில் த.ரா. வரப்பில் வந்து நின்றார். என் சால் ஓரத்தில் குந்தினார். அவர் குந்தி நான் பார்த்ததில்லை. என்ன செய்தால் விடுவாய் என்றார். ஆஸ்பத்திரியில் என்ன சொன்னீர்களோ அதைத் திருப்பிச் சொல்லுங்கள் என்றேன்.

"அவன் குடிக்கல" என்றார். எனக்கு மட்டும் கேட்கிற குரல்.

"கேக்கலண்ணே."

மறுபடி சொன்னார். கேட்கவில்லை என்றேன். தலையைத் தூக்காமல் பிடுங்கிக்கொண்டே இருந்தேன். எழுந்து நின்றார். தொண்டையைக் கனைத்தார்.

"மாணிக்கம் மருந்து குடிக்கல. எம் டேங்க் ஒழுவுச்சு. எனக்குத் தெரியும்."

களைக்கொட்டுச் சத்தம் எல்லாம் நின்றது.  பிறகு ஒவ்வொன்றாக மறுபடி கொத்தும் சத்தம். அவர் போய்விட்டார். வண்டி கிளம்பவில்லை, உதைத்து உதைத்துப் பார்த்துவிட்டுத் தள்ளிக்கொண்டே போனார்.

இதைத்தான் கேட்டேன். கிடைத்தது.

தேவிக்குப் போன் போட்டேன். எல்லார் முன்னாலும் சொன்னார் என்றேன். அழுதாள். அடுத்த வகுப்பில் எழுந்து சொல்வேன் என்றாள். இனிமே விட்டுரும்மா என்றாள். சரி என்றேன்.

மனசு விடவில்லை. அன்றைக்கு த.ரா. முதுகில் ஓடியது மருந்து இல்லை, வெறும் கிணற்றுத் தண்ணீர். வீட்டுக்குப் போவதற்குள் காய்ந்திருக்கும்.